விருந்தாளியைக் கண்டால் நிற்கும் மத்து

சைராகுலின் அப்பா சினிமாக்காரர். நடித்தவர் அல்ல. சினிமாப் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு மேய்ச்சல் மலைகளுக்குப் போய், இரண்டு கம்பளிக் கூடாரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டியவர். ஒருமுறை கதாநாயகன் குதிரையில் பாய்ந்து வரும் நேரம் பார்த்து ஜெனரேட்டர் படுத்துவிட்டது. திரை இருண்டது. படம் பார்த்துக்கொண்டிருந்த மேய்ப்பர் ஒருவர் எழுந்து, "அந்தப் பையன் வழி தவறிட்டான்போல" என்று தன் குதிரையை அவிழ்த்துக்கொண்டு தேடப் புறப்பட்டாராம். சூசாமிர் பள்ளத்தாக்கில் இன்றும் சொல்வார்கள். அந்தப் பையன் கிடைத்தானா என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அன்று கழன்றிருந்த கம்பியைக் கண்டுபிடித்துச் செருகியவள் சைராகுல். பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. இங்கே விரல் நுனி பட்டது. அங்கே துணியில் ஒரு குதிரை எழுந்து ஓடியது. அந்த ருசி அவளை விடவே இல்லை.

அப்போது ஃபுரூன்ஸே என்று பெயர் கொண்டிருந்த பிஷ்கெக் நகரத்துப் பொறியியல் கல்லூரியில் படித்தாள். பிறகு ஒரு தொழிற்சாலை. அங்கே துணி அலமாரி உயரத்துக்கு ஒரு கணிப்பொறி இருந்தது. அதன் முதுகிலிருந்து எட்டுக் கம்பிகள் கிளம்பி, எட்டுச் சின்ன விளக்குகளில் போய் முடிந்தன. ஓர் எண்ணை அனுப்பினால் ஒரு விளக்கு எரியும். வேறோர் எண்ணை அனுப்பினால் பக்கத்து விளக்கு. இன்னோர் எண்ணுக்கு இரண்டும் சேர்ந்து. முதல் நாள் அவள் அந்த விளக்குகளை இடமிருந்து வலமாக ஓடவிட்டு, வலமிருந்து இடமாகத் துரத்தவிட்டு, தன்னை மறந்து சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் ஓடிவந்துவிட்டார். யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்தாராம்.

நாடு மாறியது, தொழிற்சாலை மூடியது. சைராகுல் மலையடிவாரத்துக் கீழூர்ப் பள்ளிக்கூடத்தில் கணினி வாத்தியாராக வந்து சேர்ந்தாள். அங்கேதான் ஷெய்ஷென் ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தான். குதிரை மேய்ப்பவன். ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு, அவளைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டான். அவனைப் பெற்றவள் அனார்கான் அதை நம்பவில்லை.

"என் பையனா? அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. நிஜமாவே தலைகீழாத்தான் போட்டிருப்பான்."

அனார்கானைப் பற்றிச் சொல்லாமல் சைராகுலைப் பற்றிச் சொல்ல முடியாது. பாதி வாழ்க்கை அந்த மாமியாரின் வசவுக்குள்தான் போயிற்று. கோடைக்குக் கோடை பள்ளிக்கூடம் மூடியதும், குடும்பம் குதிரைகளோடு மலைக்கு ஏறும். மேலே அனார்கானின் ராஜ்யம். அவள் புளிக்கவைத்த குதிரைப்பாலை, அந்த குமிஸை, ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போன கிழவர் ஒருவர் கணவாயைத் தாண்டுவதற்குள் ஊன்றுகோலைத் தொலைத்துவிட்டார் என்பார்கள். தேடவும் இல்லையாம், தேவைப்படவில்லை.

புகை காட்டிய பெரிய தோற்பை ஒன்று கூடாரத்தின் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும். பகலெல்லாம் கறந்து கறந்து அதில் ஊற்றுவார்கள். அதன் வாய்க்குள் நீண்ட மரமத்து. அதைத் தூக்கித் தூக்கிக் குத்தினால்தான் பால் குமிஸாகும். குத்து குறைந்தால் அடியில் ஒன்று, மேலே ஒன்று என்று பால் பிரிந்துவிடும். யார் கூடாரத்துக்குள் நுழைந்தாலும், உட்காரும் முன் நாலைந்து குத்து குத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். அமைச்சரானாலும் சரி, சம்பந்தியானாலும் சரி. அப்புறம்தான் சலாம், தேநீர், போர்சோக் என்கிற பொரித்த மாவுருண்டை எல்லாம்.

அனார்கான் அந்தக் குத்தைக் கேட்பவள். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் மாவுருண்டை பொரிப்பாள். பின்னால் மத்து விழும் சத்தம் வரும். திரும்பாமலே சொல்வாள்: "வா தொக்தோசுன். பொண்டாட்டியோட சண்டையா?" பக்கத்து முகாம் தொக்தோசுன் வாயைப் பிளப்பான். அவள் இன்னொரு சமயம் அடுத்த முகாமின் பெண் ஒருத்தியிடம், "குத்துறப்ப நடுவுல நின்னு நின்னு யாரை நெனைச்சே? நல்ல பையன்தானா?" என்று கேட்டு அவளைச் செக்கச் சிவக்க வைத்திருக்கிறாள். முதுகுவலி, புதுக் காதல், பழைய கடுப்பு, எல்லாம் அந்தச் சத்தத்தில் வந்து இறங்கிவிடும்.

சைராகுல் மருமகளாக முதல் கோடைக்கு மலையேறியபோது அவளுக்குக் குதிரை கறக்கத் தெரியாது. முதல் நாளே பெண்குதிரை அவளைப் பாத்திரத்தோடு தள்ளிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அனார்கான் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது கம்பி முறுக்குற விரலு. காம்பு பிடிக்கிற விரலு இல்ல. போ, போய் வேற வேலை பாரு."

அன்று முதல் தன் பங்கையும் மருமகளின் பங்கையும் சேர்த்து அவளே கறந்தாள். திட்டிக்கொண்டே கறந்தாள். கறப்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை, திட்டுவதையும்தான்.

அந்த அனார்கான் ஒரு கோடைத் தொடக்கத்தில் குதிரையிலிருந்து விழுந்தாள். வலது தோள்பட்டை போயிற்று. நகரத்து டாக்டர் கட்டுப்போட்டு, இனி அந்தக் கையால் மத்தைத் தொடவே கூடாது என்றார். பிஷ்கெக்கில் இருந்த மூத்த மகன் கெனெஷ்பெக் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மா, போதும் மலை. என்கூட வந்து இரு. அஞ்சாவது மாடி, லிஃப்ட் இருக்கு, குழாயைத் திறந்தா வெந்நீர் வருது."

"மத்து ஓடுற வரைக்கும் நான் இங்கதான்டா. அது நின்னுடுச்சுன்னு கேள்விப்பட்டா வா. வந்து மூட்டை கட்டிக்கிட்டுப் போ."

"சத்தியமா?"

"என் பேச்சு எப்ப மாறியிருக்கு?"

மாறாதுதான். அதுதான் சங்கடம். அவள் படுக்கையிலிருந்து கண்ணால் மத்தைக் காவல் காத்தாள். ஷெய்ஷெனுக்குக் குதிரைகளைப் பார்க்க வேண்டும். சைராகுல் கறக்கக் கற்றுக்கொண்டு, விரல் வீங்கி, அதற்கு மேல் மத்தையும் குத்தினாள். இருந்தும் குத்து போதவில்லை. குமிஸ் நீர்த்தது. தொக்தோசுன் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, மரியாதைக்காகக்கூட இன்னொரு கிண்ணம் கேட்கவில்லை. அனார்கான் அதைப் பார்த்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

உலகத்து மருமகள்கள் எல்லாரும் ஒன்றுகூடி ஓட்டுப் போட்டிருந்தால், மாமியாரை லிஃப்ட்டில் ஏற்றி அனுப்பு என்றுதான் தீர்ப்பு வந்திருக்கும். சைராகுலால் முடியவில்லை. இந்தக் கூடாரத்தில் அந்த வசவு இல்லாத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஷெய்ஷெனைக் கூப்பிட்டாள்.

"கோழிக்கூடா கிடக்குதே பழைய மாஸ்க்விச் கார், அதோட வைப்பர் மோட்டார் எனக்கு வேணும்."

"கோழிங்க கிட்ட கேட்டியா?"

"நீ போய்க் கேளு. அப்படியே அதோட இண்டிகேட்டர் விளக்கும், ஒரு ரிலேயும் கழட்டிக்கிட்டு வா."

பள்ளிக்கூடத்தில் ஆயுசு முடிந்தது என்று மூலையில் போட்ட மடிக்கணினி ஒன்று அவளிடம் இருந்தது. தடிமனில் சின்னத் தலையணை. புதுக் கணினிகளில் இல்லாத ஒரு நல்ல பழக்கம் அதற்கு இருந்தது: பின்பக்கம் அகலமான பிரிண்டர் போர்ட். தொழிற்சாலையின் எட்டுக் கம்பிகள்தான் அங்கேயும். நிரல் ஒன்று என்று அனுப்பினால் கம்பியில் மின்சாரம் எழும். பூஜ்யம் என்றால் படுக்கும். ஆனால் அந்த மின்சாரம் எறும்பு பலம். மோட்டாரை அசைக்காது. அதனால் எறும்பு ஒரு டிரான்சிஸ்டரைத் தட்டும். டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கும். ரிலே 'டிக்' என்று கதவைத் திறந்து, கார் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு ஆற்றை விடும். பேட்டரிக்குச் சாப்பாடு போட வெளியே சோலார் தகடு. ரிலே அணையும்போது உதைக்கும் உதையில் கணினி செத்துவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு டயோடு. ஃபுரூன்ஸேயில் ஒருமுறை அந்த டயோடை மறந்து ஒரு கணிப்பொறியைப் பரலோகம் அனுப்பியவர்கள் உண்டு. அவள் அந்த இறுதிச் சடங்கைப் பார்த்தவள்.

மோட்டாரின் கையில் ஒரு கயிறு. கயிறு கூடாரத்து மேல் வளையத்தைத் தாண்டி மத்தின் தலைக்கு வரும். மோட்டார் இழுத்தால் மத்து எழும்; விட்டால் தன் பாரத்தில் தொப்பென்று விழும்.

அனார்கான் படுக்கையில் இருந்தபடி இந்தக் கூத்தையெல்லாம் பார்த்தாள்.

"அது கண்ணாடி துடைக்கிற மெஷின்தானே?"

"ஆமா அபா." மாமியாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மழையே காணோம். எதைத் துடைக்கப் போறே?"

"பாருங்க."

சைராகுல் ஒரு பொத்தானைத் தட்டினாள். டிக். கயிறு விறைத்தது. மத்து எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. சில குத்துக்குப் பிறகு நிரல் மோட்டாருக்கு மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் கொடுத்தது. பிறகு மறுபடியும் டிக். ஷெய்ஷென் தொப்பியைக் கழற்றிவிட்டான், ஏதோ பெரியவர் உள்ளே வந்த மாதிரி.

"அம்மா, மத்து ஓடுது. இனிமே அண்ணன் வந்து என்ன பண்ணுவான்?"

அனார்கான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "துடைக்கட்டும்" என்றாள். அவள் அகராதியில் அது பாராட்டுக்குப் பக்கத்து ஊர்.

ஆனால் ஒரு வாரம் போவதற்குள் எல்லாம் கோணிற்று.

சைராகுல் பாலை நினைத்தாள், மோட்டாரை நினைத்தாள், பேட்டரியை நினைத்தாள். விருந்தாளியை நினைக்க மறந்தாள். அந்த மலையில் வளர்ந்தவர்கள் மத்து தானாக ஓடுகிறது என்பதற்காகச் சும்மா போய் உட்கார்ந்துவிட மாட்டார்கள். மோட்டார் குத்தும் குத்துக்கு நடுவில் இவர்களும் மத்தைப் பிடித்துக் குத்தினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களே ஒரு படை. ஒவ்வொருவரும் தன் மரியாதையைச் செலுத்தினார்கள். மெஷினுக்குச் சளைத்தவனா என்று சிலர் போட்டிக்கும் நின்றார்கள். மத்துக்கு ஓய்வே இல்லை. குமிஸ் அளவுக்கு மீறிப் பொங்கி, போதை ஏறி, வெறி பிடித்துவிட்டது. தொக்தோசுன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வெளியே போய்த் தன் குதிரையிடம் நாட்டு நிலவரம் பற்றி நீண்ட உரை ஆற்றினான். குதிரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவனை வீட்டில் சேர்க்காமல் அவன் மாமனார் முகாமில் கொண்டுபோய் இறக்கிவிட்டதாம். அதுவும் கருத்து வேறுபாடுதான்.

அதைச் சரிசெய்ய சைராகுல் மத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் தொடக்கூடாது என்றாள். குமிஸ் அடங்கியது. அருமையாகவே வந்தது. ஆனால் வந்தவர்கள் வாசலில் நின்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். முட்டியைத் தடவினார்கள். சீக்கிரமே எழுந்து போனார்கள்.

அனார்கான் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முதலில் ஷெய்ஷெனைத் திட்டுவதை நிறுத்தினாள். பிறகு நாயை. கடைசியில் ஒரு பகல் முழுக்க மருமகளையே திட்டவில்லை. சைராகுல் படுக்கை அருகே வந்தாள்.

"அபா, தோள் வலிக்குதா?"

"வலிக்கல."

"குமிஸ் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பின்னே?"

அனார்கான் மத்தைப் பார்த்தாள். டிக், தொப். டிக், தொப்.

"நாள் முழுக்க ஒரே ஆளு வந்துக்கிட்டே இருக்கான். வரான், வரான், வந்துக்கிட்டே இருக்கான். அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, ஒரு தலைவலி கூட இல்ல. அவன் சத்தத்துல நேத்து தொக்தோசுன் வந்ததே எனக்குத் தெரியல. திரும்பிப் பாத்தாத்தான் தெரியுது. திரும்பிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்னா நான் பட்டணத்துலயே இருந்துட்டுப் போறேன். பெரியவனுக்கு ஃபோன் போட்டு வரச்சொல்லு."

"மத்து ஓடுதே அபா!"

"ஓடுது. வாக்குன்னு பாத்தா ஓடுது. நான்தான் நின்னுட்டேன்."

ஷெய்ஷென் மேட்டில் ஏறித் தொலைபேசியில் சொல்லிவிட்டான். அண்ணன் சனிக்கிழமை வருவதாகச் சொன்னான். அனார்கான் ஒற்றைக் கையால் மூட்டை கட்டி வைத்தாள்.

சைராகுல் மத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாமியாரை நிறுத்திவைக்கக் கட்டிய மெஷினே மாமியாரைத் துரத்துகிறது. மோட்டாருக்குக் குத்தத் தெரிகிறது. நிறுத்த மட்டும் தெரியவில்லை. ஒரு நல்ல மருமகள் வேலையில் இருக்கும்போது விருந்தாளி வந்தால் என்ன செய்வாள்? கைவேலையை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பாள். மெஷினுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

பிரிண்டர் போர்ட்டில் அனுப்பும் கம்பிகள் மட்டுமல்ல, கேட்கும் கம்பிகளும் உண்டு. பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் பொறு என்பதைக் கணினிக்குச் சொல்லும் கம்பிகள். அவற்றில் ஒன்றை வாசலில் கதவாகத் தொங்கும் கம்பளிக்கு இழுத்தாள். கம்பளியின் ஓரத்தில் ஒரு காந்தம் தைத்தாள். மரச்சட்டத்தில் காந்தத்துக்கு மயங்கும் சின்ன சுவிட்ச். கம்பளி விலகினால் கணினிக்குச் செய்தி போகும்: யாரோ வருகிறார்கள். இன்னொரு கம்பியைத் தோற்பையின் வாய்க்குக் கொண்டுபோனாள். மத்து ஒவ்வொரு முறை எழும்போதும் அங்கே ஒரு சுவிட்ச் தட்டுப்படும். மோட்டார் நின்றிருக்கும்போது அது தட்டுப்பட்டால், அது மனிதக் கை.

நிரல் எளிமையானது. வாசல் திறந்தால் மோட்டாரை நிறுத்து. மாஸ்க்விச்சின் மஞ்சள் விளக்கை மினுக்கு. வந்தவரின் கைக்குத்தை ஐந்து வரை எண்ணு. அதுவரை காத்திரு. பிறகு நீ தொடங்கு.

மத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடவிட்டாள். முதல் விருந்தாளியாக ஓர் ஆட்டுக்குட்டி வந்தது.

கம்பளியை முட்டிக்கொண்டு நுழைந்தது. டிக். மோட்டார் நின்றது. மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஆட்டுக்குட்டி மெஷினைப் பார்த்தது. மெஷின் ஆட்டுக்குட்டிக்காகக் காத்திருந்தது. இருவருமே விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சைராகுல் பதறித் திரும்பினாள். அனார்கான் கட்டுப்போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுது அது?"

"விருந்தாளி வந்தா நிக்கச் சொல்லியிருக்கேன் அபா. அவங்க குத்தி முடிச்சதும் திரும்ப ஆரம்பிக்கும்."

"ஆட்டுக்குமா?"

"ஆடுன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது."

"மருமகள்னா என்னன்னு எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. கத்துக்கல? கத்துக்கொடு அதுக்கு!"

காந்தத்தைக் கம்பளியின் மேல் பக்கம் மாற்றித் தைத்ததும் ஆடு வந்தால் மெஷின் கண்டுகொள்ளவில்லை. அடுத்து காற்று வந்தது. பலமாக வீசினால் கம்பளி முழுசாக விலகும். மெஷின் பணிவாக நிற்கும். காற்றுக்குக் கை ஏது? அனார்கான் படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"காத்து வந்தா சீக்கிரம் போயிடும். மனுஷன்தான் வாசல்ல நின்னு கம்பளியைப் பிடிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேசுவான். கொஞ்சம் பொறுத்துப் பாக்கச் சொல்லு. சட்டுனு மூடிக்கிச்சுன்னா காத்து."

சைராகுல் அப்படியே எழுதினாள். தொழிற்சாலைப் பொறியாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அதைவிட நல்ல வழி சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அதை மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

தொக்தோசுன் வந்தான். மோட்டார் நின்றது, விளக்கு மினுங்கியது. அவன் தயங்கி மத்தைப் பிடித்துக் குத்தினான். கூடாரம் நிசப்தம். அந்த நாலைந்து சத்தம் மட்டும். அனார்கான் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்:

"மாமனார் வீட்டுல நல்ல சாப்பாடு போட்டாங்கபோல?"

தொக்தோசுன் தலையைச் சொறிந்தான். சைராகுலுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. ஆனால் மாமியார் மூட்டையைப் பிரிக்கவில்லை. வரச்சொல்லி ஆயிற்று, வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றாள். பெரிய மகன் முகத்துக்கு நேரே அவள் எதையும் மறுத்ததில்லை.

சனிக்கிழமை வந்தது. கெனெஷ்பெக்கின் கார் புல்வெளியில் ஆடி ஆடி வந்து நின்றது. நல்ல மனிதன். வழுக்கை விழத் தொடங்கிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. கம்பளியை விலக்கிக் குனிந்து உள்ளே வந்தான். டிக். மத்து பாதி வழியில் தளர்ந்து விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நேரே போய் வாசலுக்கு எதிரே பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இளைச்சுட்டியே அம்மா. டாக்டர்கிட்ட பேசிட்டேன். கைக்குப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு வீட்டுக்கே வரும். உன் ரூமுக்கு வெயில் வருது. ஜன்னல்லேர்ந்து மலை தெரியுது."

அனார்கான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஷெய்ஷென் தேநீர் ஊற்றினான். மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றபடி நின்றது. தோற்பைக்குள் காலைப்பால் அசையாமல் கிடந்தது.

கெனெஷ்பெக் பேச்சை நிறுத்தினான். சுற்றிலும் பார்த்தான். எதையோ காணோம் என்று அவனுக்கும் பட்டது.

"மத்துச் சத்தமே இல்லையே. பாத்தியா, நின்னுடுச்சு! நீதானே சொன்னே, நின்னுட்டா வந்து கூட்டிட்டுப் போன்னு? சைராகுல், அம்மா மூட்டை எங்கே இருக்கு?"

சைராகுலின் கை தன்னையறியாமல் மடிக்கணினிக்குப் போனது. ஒரே ஒரு பொத்தான். தட்டினால் மோட்டார் ஓடும், வாக்கு பிழைக்கும். விரல் பொத்தானைத் தொட்டுவிட்டது.

"கையை எடு மருமகளே" என்றாள் அனார்கான்.

சைராகுல் எடுத்தாள். அனார்கான் மகனைப் பார்த்தாள்.

"அது நிக்கல. காத்துக்கிட்டிருக்கு."

"எதுக்கு?"

"உள்ள வந்தியே, கை வச்சியா?"

கெனெஷ்பெக்குக்குக் காது வரை சிவந்தது. அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே மத்தைப் பிடித்தவன். எழுந்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மத்தைப் பிடித்தான். அனார்கான் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் குத்து தடுமாறி விழுந்தது. இரண்டாவது அவசரம். மூன்றாவதுக்கு முன்னால் நீண்ட இடைவெளி. அதற்குப் பிறகு கை பழைய தாளத்தைத் தேடிப் பிடித்தது. மெஷின் கேட்ட எண்ணிக்கை முடிந்தும் அவன் நிறுத்தவில்லை. டிக். மோட்டார் கயிற்றை இழுக்க, மத்து அவன் கையோடு மேலே பாய, "ஐயோ!" என்று துள்ளி விலகினான். ஷெய்ஷென் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தான்.

அனார்கான் சிரிக்கவில்லை.

"தூங்கறதே இல்லையாடா நீ?"

"யார் சொன்னா?"

"நீதான் இப்ப சொன்னே. வீட்டுல யாரோடயாவது பேசறியா?"

கெனெஷ்பெக் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"புள்ளைங்க வெளிநாடு போனதுக்கப்புறம் வீடு அமைதியா இருக்கும்மா. உன் பெரிய மருமகளுக்கு ஆஸ்பத்திரியில ஷிஃப்ட்டு வேலை. நான் வரப்போ அவ போறா. டிவி போட்டுக்கிட்டு உட்காந்திருப்பேன்."

"அதனாலதான் என்னைக் கூப்பிட்டியா?"

"உன் தோளுக்காகத்தான். அதுக்காகவும்தான்."

"அஞ்சாவது மாடியில வந்து நான் யாரைத் திட்டுவேன்?"

"என்னைத் திட்டு."

அனார்கான் நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"திட்டறேன். ஆனா வசவு வீட்டுக்கு வந்து பட்டுவாடா ஆகாது. இங்க வந்து வாங்கிக்கோ. கார் வச்சிருக்கேல்ல? பனி விழட்டும், நானே கீழ வந்து உன்கிட்ட ஒரு மாசம் இருக்கேன், கையைப் பயிற்சிக்காரப் பொண்ணுகிட்ட காட்டறேன். இப்ப பெண்குதிரைங்க பால் கொடுக்குது. மத்து ஓடுது. நான் எங்கயும் வரல."

அவள் அவன் முகத்துக்கு நேரே சொன்ன முதல் மறுப்பு அது. அவன் தலையாட்டினான். பிறகு கிண்ணத்தை நீட்டினான். குடித்தான். இன்னொரு கிண்ணம் கேட்டான். அது மரியாதைக்காக அல்ல. அன்றும் மறுநாளும் தங்கினான். போகும் வழியில், கணவாய் உயரத்தில், காரில் வைத்த குமிஸ், பாட்டில் மூடியைக் கூரையில் அடித்துவிட்டு வெளியே வந்ததாகக் கேள்வி. கார் இன்னும் மணக்கிறதாம்.

அவன் போனதும் அனார்கான் மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏ படிச்சவளே. அந்தப் பொட்டிகிட்ட சொல்லு. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை சரியில்ல. பெரியவன் எண்ணிக்கையோட நிறுத்தியிருந்தா நாலைஞ்சு குத்துல போய் உட்காந்திருப்பான், எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சில ஆளுக்கு அதிகமா கேக்கணும்."

"எந்த ஆளுன்னு அதுக்குத் தெரியாது அபா."

"எனக்குத் தெரியும்ல? ஏதாவது வழி பண்ணு."

சைராகுல் பிரிண்டர் போர்ட்டில் மிச்சமிருந்த ஒரு கேட்கும் கம்பியைப் படுக்கை வரை இழுத்தாள். நுனியில் மாஸ்க்விச்சின் ஹார்ன் பொத்தான். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மெஷின் எண்ணாது. கைக்குத்து எத்தனை விழுந்தாலும் காத்துக்கொண்டே இருக்கும். மாமியார் அதை இடது கையில் வாங்கி, போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். ராஜாவுக்குச் செங்கோல் கொடுத்தால்கூட அப்படி வாங்கியிருக்க மாட்டான்.

அதன் பிறகு அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். தொக்தோசுன் ஒருமுறை உள்ளே வந்தவன், மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதாக ஒப்புக்கொள்ளும் வரை குத்தினான்.

புல் மஞ்சளாகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கெனெஷ்பெக் மறுபடி வந்தான், மூட்டை கட்ட அல்ல. கம்பளியை விலக்கியதும் தானாகவே மத்தைப் பிடித்தான். குத்தினான். குத்திக்கொண்டே ஆஸ்பத்திரி ஷிஃப்ட்டைப் பற்றிச் சொன்னான், வெளிநாட்டிலிருந்து மகள் பேசியதைச் சொன்னான், தூக்கம் கொஞ்சம் வருகிறது என்றான். நெற்றியில் வியர்வை பூத்தது. மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன சைராகுல், எண்ணிக்கை இன்னும் முடியலையா?"

சைராகுல் மடிக்கணினி மேல் குனிந்துகொண்டாள். தோள் குலுங்குவது தெரியக்கூடாதே.

"மெஷின் பழசு அண்ணே. மெதுவாத்தான் எண்ணும்."

"ஆமாடா, பழசு" என்றாள் அனார்கான், போர்வைக்குள் கையை அசைக்காமல். "நீ சொல்லு. அப்புறம் மக என்ன சொன்னா?"